முதல் ஆண்டில் தூரம் வேண்டாம்

புதிதாக மோட்டார்ஹோம் வாங்கிய குடும்பத்துக்குக் கனடாவில் கிடைக்கும் அறிவுரை ஏறத்தாழ ஒரே மாதிரியானது. வீட்டையே சக்கரத்தில் ஏற்றிவிட்டீர்கள், இனி விடுதி தேட வேண்டியதில்லை, முன்பதிவு என்று அலைய வேண்டியதில்லை, இந்தக் கோடையிலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராக்கி மலைவரை ஒரு சுற்றுப் போய்வாருங்கள் என்கிறார்கள். விற்பவர்களின் விளம்பரங்கள் இதைத்தான் காட்டுகின்றன. ஏற்கெனவே போய்வந்த உறவினர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். வாங்கியவர்களும் மாதத் தவணையை நினைத்து, இவ்வளவு பணம் போட்ட வண்டியை இரண்டு மணி நேரத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவதா என்று தமக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். ரொறன்ரோவைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. இந்த அறிவுரை பிழை என்பதே என் வாதம். முதல் பருவத்துப் பயணங்கள் கிட்டத்தில் இருக்க வேண்டும், சிறியவையாக இருக்க வேண்டும், முன்கூட்டியே இடம் பதிந்தவையாக இருக்க வேண்டும். எங்கே போவது என்பதைக் கடைசியில் கேட்கலாம். இந்த வண்டி எவ்வளவு தாங்கும், இந்தக் குடும்பம் ஒரு நாளில் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும்.

முதலில் தூரத்தைக் கணக்குப் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்து பான்ஃப் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர், போய்வர 7,000. வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுமுறை பெரும்பாலும் இரண்டு வாரம். நாளுக்கு 450 கிலோமீற்றர் ஓட்டினால் அந்த இரண்டு வாரமும் ஓடியே தீர்ந்துவிடும். மலையைப் பார்க்க ஒரு நாள்கூட மிஞ்சாது. நாளுக்கு 700 என்று கூட்டினால் பத்து நாள் ஓட்டம், நான்கு நாள் தங்கல். காரில் 700 கிலோமீற்றர் முடியக்கூடியதுதான். ஆறு தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில், ஏற்றத்தில் வேகம் குறைந்து, எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளுக்குமாக நின்று நின்று போனால், அது காலை தொடங்கி இருட்டும்வரை நீளும் பதினொரு, பன்னிரண்டு மணி நேர வேலை. நூறு கிலோமீற்றருக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு லீற்றர் குடிக்கும் வண்டிக்கு இந்தப் பயணம் முழுவதும் 1,600 லீற்றருக்கு மேல் பெற்றோல் வேண்டும். தண்டர் பே போய்ச் சேரவே 1,400 கிலோமீற்றர், அதுவரை ஒன்ராறியோ மாகாணத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். சூப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிப் போகும் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை பெரும்பகுதி இருவழிச் சாலை; மாலை இருட்டில் மூஸ் மான்கள் குறுக்கே வரும்; கைபேசிக்குச் சமிக்ஞை இல்லாத நீண்ட இடைவெளிகள் உண்டு. அனுபவப்பட்ட ஆர்.வி. (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டி) பயணிகளிடையே ‘மூன்று-மூன்று-மூன்று’ என்றொரு வழக்கம் இருக்கிறது: நாளுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் 3 இரவு தங்கு. இந்த வழக்கப்படி போனால் பான்ஃபுக்கு ஒருவழிப் பயணமே மூன்று வாரம் எடுக்கும். பல்லாண்டு ஓட்டியவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட எல்லையை, ஒரு நாள்கூட ஓட்டிப் பார்க்காதவர் முதல் பயணத்திலேயே தாண்ட வேண்டும் என்பதுதான் நாம் கேட்கும் அறிவுரை.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் வண்டி புதியது என்பது. புதியது என்றால் பழுதற்றது என்று காரை வைத்து நாம் பழகியிருக்கிறோம். மோட்டார்ஹோம் அப்படிச் செய்யப்படுவதில்லை. ஃபோர்ட் போன்ற ஒரு நிறுவனம் இயந்திரமும் சட்டகமும் செய்து அனுப்புகிறது. அதன்மேல் வேறொரு நிறுவனம், பெரும்பாலும் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் உள்ள ஒன்று, வீட்டுப் பகுதியைக் கட்டுகிறது. குளிர்பெட்டி, அடுப்பு, சூடாக்கி, குளிரூட்டி, நீரிறைக்கும் மோட்டார் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்து உள்ளே பொருத்தப்படுகின்றன. பலகை, பசை, திருகாணி, பிளாஸ்டிக் குழாய், நூற்றுக்கணக்கான மூட்டுகள். இவையெல்லாம் நெடுஞ்சாலையின் குலுக்கலை முதன்முதலாகச் சந்திப்பது வாங்கியவர் ஓட்டும்போதுதான். கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு மூட்டில் ஈரம் கசிவது, அலமாரிக் கதவு ஓட்டத்தில் திறந்துகொள்வது, வெளியே தள்ளி விரியும் சுவர் பாதியில் நிற்பது போன்றவை முதல் சில வாரங்களில் வெளிப்படுகிற குறைகள். உத்தரவாதமும் ஒரே கையில் இருப்பதில்லை: இயந்திரத்துக்கு ஒருவர், வீட்டுப் பகுதிக்கு ஒருவர், உள்ளேயிருக்கும் கருவிகளுக்கு வேறு வேறு ஆட்கள். விற்ற கடைக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இந்தக் குறை வெளிப்பட்டால் அது ஒரு தொலைபேசி அழைப்போடு முடியும். சஸ்காச்சுவனின் நடுவில் வெளிப்பட்டால், கோடையில் தன் வாடிக்கையாளருக்கே நேரம் ஒதுக்க முடியாத ஏதோ ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தின் வாசலில் பிள்ளைகளோடு காத்திருக்க வேண்டும். குறை வருவதைத் தடுக்க முடியாது. அது எங்கே வர வேண்டும் என்பதை நாம் தேர்ந்துகொள்ள முடியும். முதல் பயணங்களைக் கிட்டத்தில் வைப்பதன் பொருள் இதுதான்.

அடுத்தது ‘இது வீடு’ என்ற நம்பிக்கை. வீடு என்றால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், கழுவியது போய்விடும், எத்தனை கருவியை வேண்டுமானாலும் ஒன்றாகப் போடலாம். மோட்டார்ஹோமில் இந்த மூன்றுக்குமே எல்லை உண்டு. குடும்பத்துக்கான நடுத்தர வண்டியில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் தொட்டி ஏறத்தாழ 120 முதல் 150 லீற்றர் கொள்ளும். ஐந்து பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் குளித்தால், நிமிடத்துக்கு ஆறு லீற்றர் என்று வைத்தாலும் 90 லீற்றர் ஆகிவிடும். அதன்மேல் அரிசி களைந்த நீர், கறிச் சட்டி கழுவிய நீர், எண்ணெய் படிந்த தட்டுகள் கழுவிய நீர். சோறும் மூன்று கறியும் சமைக்கிற குடும்பத்துக்கு அந்தத் தொட்டி ஒன்றரை நாள் வந்தால் பெரிது. அது நிரம்பியதும் குளிக்கும் இடத்தின் தரையில் அழுக்கு நீர் ஏறி நிற்கும். மின்சாரமும் இப்படித்தான். பூங்காத் தளத்தில் 30 ஆம்பியர் இணைப்பு கிடைத்தால் 120 வோல்ற்றில் 3,600 வாட் உங்கள் உச்ச எல்லை. குளிரூட்டி 1,500, தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் 1,500, சோற்றுக் குக்கர் 700. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மின்தடுப்பி விழும். 15 ஆம்பியர் தளமானால் குளிரூட்டி ஓடும்போது சோறு வேகாது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் மின்வசதித் தளங்கள் நிறைய உண்டு. ஆனால் தளத்திலேயே தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இருப்பது அரிது. கழிவை இறக்கப் பூங்காவின் பொது நிலையத்துக்கு வண்டியையே கொண்டுபோக வேண்டும். அங்கே கையுறை போட்டு, குழாயைச் சரியாகப் பூட்டி, முதலில் மலத்தொட்டியைத் திறந்து வடியவிட்டு, பிறகு குளியல் நீர்த் தொட்டியைத் திறந்து அந்த நீராலேயே குழாயைக் கழுவ வேண்டும். வரிசை மாறினால் அழுக்குக் குழாயைத்தான் சுருட்டிப் பெட்டியில் வைக்க நேரும். இவை கடினமான வேலைகள் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிக் களைத்தவர், இருட்டில், பின்னால் வண்டிகள் வரிசையில் நிற்க, முதன்முதலாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகளும் இல்லை.

எடையைப் பற்றி எவரும் பேசுவதே இல்லை. அமெரிக்காவில் செய்யப்படும் மோட்டார்ஹோம்களில், ஆட்களும் சாமான்களுமாகச் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும் சீட்டு கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் எவ்வளவு எடை என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லீற்றர் தண்ணீரும், அம்மம்மாவையும் சேர்த்து ஐந்து பேரும் ஏறினாலே அரைத் தொன்னை நெருங்கிவிடுகிறது. பிறகு சைக்கிள்கள், மடக்கு நாற்காலிகள், இரண்டு வாரத்துக்கான அரிசி, உடுப்பு, பார்பிக்யூ அடுப்பு. தூரப் பயணம் என்று நினைத்தவுடன் எல்லாவற்றையும் ஏற்றத் தோன்றும். ஏற்ற ஏற்ற ரயர்கள் சூடேறும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். இரண்டு இரவுப் பயணம் போய்வந்தவருக்குத் தெரியும், ஏற்றியதில் பாதியைத் தொடவே இல்லை என்று. அந்த அறிவு வந்த பிறகுதான் தூரப் பயணத்துக்குச் சாமான் கட்டும் தகுதி வருகிறது.

ஓட்டுவதைப் பற்றிய அலட்சியம் இதைவிட ஆபத்தானது. ஒன்ராறியோவில் சாதாரண ‘ஜி’ அனுமதிப்பத்திரம் 11,000 கிலோவரை எடையுள்ள வண்டிக்குப் போதும். நேற்றுவரை சிறிய கார் ஓட்டியவர், எந்தப் பயிற்சியும் தேர்வும் இல்லாமல், இன்று பத்து மீற்றர் நீள வண்டியைக் கடையிலிருந்து ஓட்டிக்கொண்டு வரலாம். சட்டம் பயிற்சி கேட்காததால் பயிற்சியே தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த வண்டிகளில் பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்ட வால் இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது வால் இடப்பக்கம் வீசும், பெற்றோல் நிலையத்தின் தூணில் இடிப்பது அதுதான். உயரம் மூன்றரை மீற்றர் வரும்; வண்டியின் கையேட்டில் அது அடியிலும் அங்குலத்திலும் இருக்கும், ஒன்ராறியோவின் பாலத்துப் பலகையில் மீற்றரில் இருக்கும். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்து டர்ஹம் நகரில் 1940இல் திறந்த ஒரு ரயில் பாலம் இதற்குப் பேர்போனது. பதினொரு அடி எட்டு அங்குலமே இடைவெளி கொண்ட அதன் அடியில் வாடகை லொறிகளும் ஆர்.வி.களும் கூரையைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தன. உயரத்தை உணர்ந்து எச்சரிக்கும் மின்பலகை வைத்தார்கள். 2019இல் பாலத்தையே எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. அங்கே மோதியவர்கள் மடையர்கள் இல்லை; தம் தலைக்குமேல் எவ்வளவு உயரம் இருக்கிறது என்பது உடம்பில் பதியாதவர்கள். கைபேசி வழிகாட்டி இருக்கிறதே என்பவர்கள், அது காருக்கான வழியைத்தான் காட்டுகிறது, வண்டியின் உயரம் அதற்குத் தெரியாது என்பதை நினைக்க வேண்டும். உயரமும் வாலும் உடம்பில் பதிவதற்குத் தெரிந்த சாலைகளில் பல முறை ஓட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிள்ளைகள் விடயத்தில் விளம்பரப் படங்கள் செய்யும் தீங்கை மன்னிக்க முடியாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் சீட்டு விளையாடுவார்கள், தாய் அடுப்பருகே நின்று ஏதோ நறுக்குவார். இந்தப் படத்தை நம்பித்தான் பலர் தூரப் பயணம் எளிது என்கிறார்கள்: காரில் பிள்ளைகள் கட்டுண்டு கிடப்பார்கள், இதில் நடமாடலாமே. நடமாடக் கூடாது. ஓடும் வண்டியில் ஒவ்வொருவரும் பட்டி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை இருக்கைகள் முன்னோக்கிய இருக்கையில் பொருத்தவென்றே வடிவமைக்கப்பட்டவை; பக்கவாட்டு இருக்கையிலோ பின்னோக்கிய மேசை இருக்கையிலோ அவற்றைப் பொருத்தக் கூடாது. ஆறு பேர் தூங்கலாம் என்று விற்கப்படும் வண்டியில் குழந்தை இருக்கைக்கு ஏற்ற இடம் இரண்டே இருக்கலாம். வாங்கும்போது படுக்கையை எண்ணிய குடும்பங்கள் முதல் பயணத்துக்கு முன்னர் இருக்கைகளை எண்ண வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால், நாளுக்கு எட்டு மணி நேரம் பிள்ளையைக் கட்டி உட்காரவைக்கும் திட்டம் காரில் எவ்வளவு கொடுமையோ இதிலும் அவ்வளவு கொடுமைதான் என்பது விளங்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பயண நாள் என்பது மூன்று மணி நேர ஓட்டம், அதன்பின் ஓடியாட வெளிச்சமுள்ள ஒரு பிற்பகல். அதற்குள் அடங்குகிற தூரம் இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீற்றர்.

முன்பதிவு சுதந்திரத்தைக் கெடுக்கிறது என்பது இந்த அறிவுரையின் இன்னொரு கால். நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்கிறார்கள். எங்கே? ரொறன்ரோ நகரத் தெருக்களில் பலகை எதுவும் இல்லாத இடத்திலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்த முடியாது. பெரிய கடைகளின் தரிப்பிடத்தில் இரவு தங்குவது அந்தந்தக் கிளையின் விருப்பம். ஒன்று விடும், மற்றொன்று விடாது. ஒன்ராறியோவின் அரச நிலங்களில் கனடாவில் வசிப்பவர்கள் ஓரிடத்தில் 21 நாள்வரை இலவசமாகத் தங்கலாம் என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குப் போகும் மண்பாதைகள் பலவும் பத்து மீற்றர் வண்டி திரும்பக்கூட இடமற்றவை. மாகாணப் பூங்காக்களின் தளங்கள் ஐந்து மாதம் முன்னரே, காலை 7 மணிக்கு, பதிவுக்குத் திறக்கின்றன. கோடை வார இறுதிகளுக்கான நல்ல மின்வசதித் தளங்கள் வேகமாகப் போய்விடும். முன்பதிவு இல்லாமல் யூலையில் புறப்படும் குடும்பத்துக்கு மிஞ்சுவது, மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் பசியோடு அழ, ஒவ்வொரு முகாம் வாசலிலும் இடம் இருக்கிறதா என்று கேட்கும் வேலை. பதிவு செய்தவர்தான் பிற்பகல் இரண்டு மணிக்கே வண்டியை நிறுத்திவிட்டு ஏரிக்கரையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறார். இருவரில் யார் சுதந்திரமானவர் என்று கேட்டால் விடை தெளிவு.

இந்தச் சுதந்திரக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வட அமெரிக்கச் சாலைப் பயண மரபைப் படைத்தவர்களில் பலர் தனி ஆண்கள். 1960இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு பிக்கப் வண்டியின்மேல் சிறு கூடம் பொருத்தி அமெரிக்காவைச் சுற்றினார். 1962இல் அது நூலாக வந்து, இன்றுவரை அந்தக் கனவை ஊட்டுகிறது. அவர் பெரும்பகுதி ஒரு நாயுடன் போனார். நாய்க்குக் குழந்தை இருக்கை வேண்டாம். இரவு மூன்று மணிக்குக் கழிவறைக்கு எழும் அம்மம்மாவுக்கு வெளிச்சம் காட்ட வேண்டியதில்லை. சோறு பிடிக்காதவருக்குப் புட்டு, காரம் பிடிக்காதவருக்குப் பால்கறி என்று சமைக்க வேண்டியதில்லை. ஒருவர் திட்டமின்றிப் போவது அவருடைய சுதந்திரம். குடும்பம் திட்டமின்றிப் போனால் அந்தச் சுமை யாரோ ஒருவர் தோளில் விழுகிறது. பெரும்பாலும் அது தாயின் தோள். இரண்டு அடி அகல அடுப்பில் மூன்று வேளை சமைத்து, குறைந்த நீரில் கழுவி, ஈரத் துணியைக் காயப்போட இடம் தேடி, நாளை எங்கே தங்குவோம் என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்பவர் அவர். ஓட்டுபவர் அனுபவிக்கும் விடுதலையின் விலையை அவர் கட்டுகிறார். திட்டம் என்பது இந்த வேலையை முன்கூட்டியே பார்த்து, எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பது. நீரிணைப்பு யார், மின்னிணைப்பு யார், வண்டி பின்னால் வரும்போது ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கை காட்டுபவர் யார், முதல் இரவுச் சாப்பாடு வீட்டிலிருந்தே சமைத்து வருவதா என்பவற்றைப் புறப்படுமுன் பேசி முடித்த குடும்பத்தில் எல்லாருக்கும் விடுமுறை கிடைக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் வலுவானது வாடகை வண்டி உதாரணம். ஒவ்வோர் ஆண்டும் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருபவர்கள் கல்கரியில் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து, முன்பின் ஓட்டிய பழக்கம் இல்லாமலேயே மலைகளைச் சுற்றிவிட்டு நலமாகத் திரும்புகிறார்களே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் செய்வதைக் கூர்ந்து பாருங்கள். அந்த வாடகை வண்டி ஏற்கெனவே பல பயணங்களில் குலுங்கி, குறைகள் வெளிப்பட்டு, திருத்தப்பட்டது. பழுதானால் அழைக்க ஓர் எண் இருக்கிறது. வண்டியின் பொறுப்பு நிறுவனத்துடையது. கல்கரியிலிருந்து பான்ஃப் 130 கிலோமீற்றர்தான். தூரத்தை விமானத்தில் கடந்துவிட்டு, முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்கிறார்கள். தங்குமிடத்தையும் பெரும்பாலும் முன்னரே பதிந்துகொள்கிறார்கள். கிட்டம், சிறிது, முன்பதிவு என்று நான் கேட்கும் மூன்றையும்தான் அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். எனவே அந்த உதாரணம் என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. இந்தக் கோடையில் ராக்கி மலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற குடும்பத்துக்கும் அதில் ஒரு வழி இருக்கிறது: உங்கள் புதிய வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, விமானத்தில் போய் அங்கே ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

இரண்டாவது எதிர்ப்பு மனத்தைத் தொடுவது. பிள்ளைகள் வேகமாக வளர்ந்துவிடுகிறார்கள், கோடை குறுகியது, வண்டிக்குத் தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது. பயிற்சிக்கென்று ஓராண்டைச் செலவிட எங்களால் முடியாது என்கிறார்கள். வருத்தம் உண்மையானது, முடிவு பிழையானது. ஒன்ராறியோவில் குழாய்கள் உறையாமல் வண்டியைப் பயன்படுத்தக்கூடிய காலம் ஏறத்தாழ மே தொடங்கி ஒக்ரோபர்வரை. அதில் இரண்டு வாரத்தை மட்டும் ஒரு பெரும் பயணத்துக்கு எடுத்தால் மீதி மாதங்கள் வண்டி வாசலில் நிற்கும். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரத் தூரத்தில் ஏழெட்டு வார இறுதிகள் போனால் அதே பருவத்தில் அதைவிட அதிக இரவுகளைப் பிள்ளைகள் வண்டியில் கழிப்பார்கள், எரிபொருளும் மிகக் குறைவாகவே செல்லும். கொடுத்த பணத்துக்குப் பயன் கிடைப்பதை இரவுகளால் அளக்க வேண்டும், கிலோமீற்றரால் அளக்கக் கூடாது. முதல் பயணமே துன்பமாக முடிந்த வீட்டில் அடுத்த ஆண்டு யாரும் அந்த வண்டியில் ஏற விரும்ப மாட்டார்கள். வாங்கிய விலையில் பெரும்பகுதியை இழந்து அதை விற்க வேண்டி வரும். 2021இல் வட அமெரிக்க உற்பத்தியாளர்கள் ஆறு லட்சம் ஆர்.வி.களை அனுப்பினார்கள், பெருந்தொற்றுக் காலத்து வேகம் அது. 2023இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. வட்டி உயர்வு போன்ற பொருளாதாரக் காரணங்கள் இதில் முதன்மையானவை. ஆனால் வாங்கியதைப் பயன்படுத்தத் தெரியாமல் விற்பனைக்கு வைக்கும் குடும்பத்துக்கு அந்தச் சரிவுச் சந்தையில் கிடைக்கும் விலை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கிட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்பது மூன்றாவது எதிர்ப்பு. இது ஒன்ராறியோவை அறியாதவர் கேட்கும் கேள்வி. ஓக்வில் பக்கத்தில் இருக்கும் புரோண்டே கிரீக் பூங்கா ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஒரு பொருளை மறந்தால் வீட்டுக்குப் போய் எடுத்து வரலாம், முதல் இரண்டு இரவுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரம் போனால் பிறைட்டன் ஊரருகே பிரெஸ்கீல்: வசந்தத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் தீபகற்பம், 1840ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம், குழந்தைகள் கல்லுக்குக் கல் தாவ ஏற்ற சுண்ணாம்புக் கரை. இன்னும் சற்றுத் தள்ளி சாண்ட்பாங்க்ஸ், நன்னீர் ஏரிக்கரையில் இவ்வளவு பெரிய மணல்மேடுகள் வேறெங்கும் இல்லை என்று பேர்பெற்ற இடம். வடக்கே ஜோர்ஜியக் குடாவின் இளஞ்சிவப்புப் பாறைகளோடு கில்பெயர். அதற்குப் பிறகு, 1893இல் நிறுவப்பட்ட அல்கொன்குவின். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றில் ஓர் இரவையேனும் கழித்திருக்கிறார்கள்? நாம் வாழும் மாகாணத்தை அறியாமலே 3,500 கிலோமீற்றர் தாண்டி ஓட வைக்கும் ஆசை, ஊரைப் பற்றிய நம் அறியாமையிலிருந்து பிறப்பது.

அப்படியானால் முதல் பருவத் திட்டம் எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொரு பயணமும் ஒரு புதுக் கேள்விக்கு மட்டும் விடை தேட வேண்டும். முதல் இரவு வீட்டு வாசலிலேயே, நகர விதி இடம் கொடுத்தால்: குளிர்பெட்டியை முதல் நாளே போட்டு, படுக்கைகளை விரித்து, சூடாக்கியை ஓடவிட்டு, புகை, வாயு, கார்பன் மொனொக்சைட் எச்சரிப்பான்கள் கத்துகின்றனவா என்று பார்த்து. அடுத்தது ஒரு மணி நேரத் தூரம், மின்வசதித் தளம், இரண்டு இரவு. கேள்வி, தண்ணீரும் கழிவும். அதற்கடுத்தது இரண்டு, மூன்று மணி நேரத் தூரம், மூன்று இரவு. கேள்வி, நெடுஞ்சாலை ஓட்டமும் எடையும். பிறகு மின்வசதி இல்லாத தளம். கேள்வி, பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும், குடும்பம் எத்தனை மணி நேரம் தாங்கும். பகல் ஓட்டம் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல், சேரும் நேரம் பிற்பகல் மூன்றுக்கு மிகாமல், இரண்டு முழு நாளாவது ஒரே இடத்தில். ஒவ்வொரு முறை திரும்பிய பிறகும் குறைகளை எழுதி, உத்தரவாதக் காலம் முடியுமுன் திருத்த வேண்டும். பெரும்பாலும் அது ஓராண்டுதான். இந்தப் படிகளை ஏறிய குடும்பம் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மேற்கே புறப்பட்டால், மூன்று, நான்கு வாரம் விடுமுறை சேர்த்துக்கொண்டு, சூப்பீரியர் கரையில் அவசரமில்லாமல் நின்று நின்று போக முடியும்.

தூரப் பயணம் வேண்டாம் என்று யாரையும் தடுப்பது என் நோக்கமன்று. ஒன்ராறியோ தொடங்கி பசிபிக் கரைவரை குடும்பத்தோடு ஓட்டிப் போவது வாழ்நாளில் ஒருமுறையாவது செய்ய வேண்டிய காரியம். அதை முதலில் செய் என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். விற்பனை நிலையங்கள் சாவியைக் கொடுக்கும்போது ராக்கி மலைப் படத்தைக் காட்டுவதை விட்டு, அரை நாள் செலவழித்துக் குடும்பத்தில் இருவருக்காவது கழிவு இறக்கவும், மட்டம் பார்க்கவும், வண்டியைப் பின்னால் எடுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பணம் கட்டும் முன் அதற்கு நேரம் குறித்துவிடுவது நல்லது. உறவினர்கள் எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள் என்று கேட்பதை நிறுத்தி, எத்தனை இரவு நன்றாகத் தூங்கினீர்கள் என்று கேட்க வேண்டும். பெற்றோர் இன்று செய்ய வேண்டியது ஒன்றே: ஐந்து மாதம் கழித்து வரும் ஒரு சாதாரண வார இறுதியைத் தேர்ந்து, காலை ஏழு மணிக்கு எழுந்து, இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு மின்வசதித் தளத்தைப் பதிவு செய்வது.